டிவியில் வைஃபை அடிக்கடி கட் ஆகிறதா? எப்போது கட் ஆகிறது என்று பாருங்கள்

எங்கள் தெருவில் யார் வீட்டு டிவியில் நெட் நின்றாலும் எனக்குத்தான் போன் வரும். "தம்பி, டிவி சுத்திக்கிட்டே இருக்கு" என்பார்கள். அவ்வளவுதான் தகவல். காய்ச்சல் என்று போனால் டாக்டர் எத்தனை நாளாக, காலையிலா ராத்திரியிலா, குளிர் இருக்கிறதா என்று கேட்பார் அல்லவா? நானும் நாலு கேள்வி கேட்பேன். எப்போது போகிறது? எவ்வளவு நேரத்தில் தானாகத் திரும்பி வருகிறது? அந்த நேரத்தில் போனில் நெட் வருகிறதா? திரையில் என்ன எழுதியிருக்கிறது? இதற்கெல்லாம் பதில் கிடைத்தால் பாதி வேலை போனிலேயே முடிந்துவிடும்.

நான் போவதற்குள் பலர் டிவியை ஃபேக்டரி ரீசெட் செய்து வைத்திருப்பார்கள். அப்புறம் ஒவ்வொரு ஆப்பிலும் மறுபடி லாகின் செய்து, ரிமோட்டின் அம்புக்குறியை நகர்த்தி நகர்த்தி ஒவ்வொரு எழுத்தாகப் பாஸ்வேர்டு அடித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். கட் ஆவது மட்டும் அப்படியே இருக்கும். ஏனென்றால் கோளாறு பல நேரம் டிவிக்குள் இருப்பதே இல்லை. ரீசெட்டைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு ஐந்து நிமிடச் சோதனை

டிவியில் படம் நின்ற அந்த நிமிடமே போனை எடுங்கள். மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, டிவி இருக்கும் அதே வைஃபையில் சேருங்கள். சோபாவில் உட்கார்ந்துகொண்டு பார்க்காமல் எழுந்து போய் டிவியை ஒட்டி நின்று ஒரு வீடியோவை ஓட்டுங்கள். போனிலும் வரவில்லை என்றால் ரூட்டரில் அல்லது வெளியிலிருந்து வரும் லைனில் கோளாறு. ஃபைபர் பெட்டியில் லாஸ் (LOS) என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தால் மேற்கொண்டு எதையும் நோண்டாதீர்கள். கண்ணாடி இழை எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது மடங்கியிருக்கிறது. நெட் கம்பெனிக்குப் போன் போட வேண்டியதுதான்.

போனில் வருகிறது, டிவியில் வரவில்லை என்றால் டிவியைப் பார்க்க வேண்டும், அல்லது டிவிக்கும் ரூட்டருக்கும் நடுவில் இருப்பதைப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு ஆப் மட்டும் நிற்கிறது, மற்றதெல்லாம் ஓடுகிறது என்றால் வைஃபையைத் திட்டிப் பயனில்லை. அந்த ஆப்பைப் புதுப்பியுங்கள், அல்லது அது சேர்த்துவைத்த தற்காலிகக் கோப்புகளை, அதாவது கேஷை, அழியுங்கள். 8 ஜிபி நினைவகத்தோடு வந்த டிவிகளில் இடம் நிரம்பினாலே ஆப்கள் மூச்சுத் திணறும். பார்ப்பவருக்கு அதுவும் நெட் போன மாதிரிதான் தெரியும்.

இன்னும் சந்தேகம் இருந்தால் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு டிவியை அதில் சேர்த்து ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். அதில் கட் ஆகாமல் ஓடினால் டிவி நிரபராதி. அதிலும் கட் ஆனால் டிவிதான். படத்தின் தரத்தைக் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள். எச்டியில் ஓட்டினால் மணிக்கு 3 ஜிபி வரை டேட்டா போய்விடும்.

கரண்ட் போய் வந்தபின் டிவி மட்டும் சேர மறுக்கிறது

நம் ஊரில் எனக்கு வரும் போன்களில் பாதி இதுதான். கரண்ட் வந்ததும் டிவி அரை நிமிடத்தில் விழித்துக்கொள்ளும். ஃபைபர் பெட்டியும் ரூட்டரும் முழுதாக எழுந்து நெட்டைப் பிடிக்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும். டிவி அதற்குள் வைஃபையைத் தேடிப் பார்த்து, கிடைக்காமல், கையை விரித்துவிடும். சில டிவிகள் மறுபடி தேடும், சில தேடாது. ஐந்து நிமிடம் பொறுத்து, செட்டிங்ஸில் வைஃபையை ஒருமுறை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். புதிதாகப் பாஸ்வேர்டு கொடுக்கவும் தேவையில்லை.

இன்வெர்ட்டர் இருக்கும் வீடுகளில் கதை வேறு. "கரண்டே போகலையே, அப்புறம் ஏன் கட் ஆகுது?" என்று கேட்பார்கள். ஈபி லைனிலிருந்து பேட்டரிக்கு இன்வெர்ட்டர் மாறும்போது கண்ணிமைக்கும் நேரம் மின்சாரம் இல்லாமல் இருக்கும். டிவியின் மின்பகுதி அதைத் தாக்குப்பிடித்துவிடும். ரூட்டரின் சின்ன அடாப்டரால் சில நேரம் முடியாது, ரூட்டர் அணைந்து மறுபடி எழும். மின்விசிறி நிற்கவில்லை, லைட் அணையவில்லை, ஆனால் டிவியில் மூன்று நிமிடம் நெட் இல்லை. இதைக் கண்டுபிடிக்க ரூட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து பாருங்கள். பிரவுசரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று அடித்தால் பெரும்பாலும் வரும், இல்லையென்றால் பெட்டியின் அடியில் ஒட்டிய லேபிளில் எழுதியிருக்கும். அதில் அப்டைம் என்று ஒரு வரி இருக்கும், ரூட்டர் அணையாமல் எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்ற கணக்கு. ஒரு வாரமாகத் தொடாத ரூட்டரில் அது பத்து நிமிடம் என்று காட்டினால் திருடன் பிடிபட்டான்.

ரூட்டருக்கென்றே 12 வோல்ட் மினி யுபிஎஸ் கடையில் கிடைக்கிறது. அதை நடுவில் போட்டால் இந்தத் தொல்லை போகும். ஃபைபர் பெட்டியும் ரூட்டரும் தனித்தனியாக இருக்கிற வீட்டில் இரண்டுக்கும் சேர்த்துப் போட வேண்டும். ஒன்றுக்கு மட்டும் போட்டுவிட்டு "வைஃபை இருக்கு, நெட் இல்ல" என்று என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு.

அடாப்டரையும் ஒருமுறை பாருங்கள். எங்கள் மாமா வீட்டில் ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான் நெட் போகும், பகலெல்லாம் சுகமாக ஓடும். மாமா நெட் கம்பெனியைத் திட்டித் தீர்த்துவிட்டார். போய்ப் பார்த்தால், வீடு வெள்ளையடித்தபோது எல்லாவற்றையும் கழற்றி மாட்டியதில் ரூட்டர் அடாப்டரும் செட்டாப் பாக்ஸ் அடாப்டரும் இடம் மாறியிருந்தன. இரண்டும் 12 வோல்ட், பின்னும் ஒரே அளவு. ஆனால் ரூட்டருக்கு வேண்டியது 2 ஆம்பியர், மாட்டியிருந்தது 1 ஆம்பியர். ஒரு போன் ரெண்டு போன் இருக்கிற வரைக்கும் சமாளித்திருக்கிறது. ராத்திரி எல்லோரும் வீட்டுக்கு வந்து ஆளுக்கொரு போனும் நடுவில் டிவியுமாக இழுத்தபோது ரூட்டர் மயங்கி விழுந்திருக்கிறது. ரூட்டரின் அடியில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர் கணக்கை அடாப்டரில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வோல்ட் அப்படியே இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவோ கூடவோ இருக்கலாம், குறையக்கூடாது. நாலைந்து வருடம் ஓடிய அடாப்டர் சரியான எண்ணைக் காட்டினாலும் உள்ளே தளர்ந்திருக்கலாம். ஒன்று மாற்றிப் பார்ப்பதில் பெரிய செலவில்லை.

சாயங்காலம் ஆனால்தான் கட் ஆகிறது

அடாப்டர் சரியாக இருந்தும் மாலையில் மட்டும் தொல்லை என்றால் அக்கம்பக்கத்து ரூட்டர்கள் மேல் சந்தேகப்படுங்கள். அடுக்குமாடி வீடுகளில் இது சகஜம். வீட்டு வைஃபை பெரும்பாலும் ஓடும் இரண்டு அலைவரிசைகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பழையது. தூரம் போகும், சுவரைத் தாண்டும், அதனாலேயே பக்கத்து வீட்டுக்கும் போகும். நம் நாட்டில் அதில் 13 சேனல்கள் உண்டு (டிவி சேனல் இல்லை, வைஃபை ஓடும் தடங்கள்). எண்தான் 13. ஒரு சேனலுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ், ஆனால் ஒரு வைஃபைக்கு வேண்டிய அகலம் 20. ஆகவே ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் நிற்கக்கூடியவை 1, 6, 11 என்ற மூன்று மட்டும்தான்.

இங்கே புத்திசாலிகள் செய்யும் தவறு ஒன்று உண்டு. ஆண்ட்ராய்டு போனில் வைஃபை அனலைசர் ஆப் போட்டுப் பார்ப்பார்கள். 1-இல் ஏழு பேர், 6-இல் எட்டு பேர், 3-இல் ஒருவரும் இல்லை. அடடா என்று 3-க்கு மாறுவார்கள். முன்னைவிட மோசமாகும். ஒரே சேனலில் இருக்கும் ரூட்டர்கள் ஒன்றையொன்று கேட்டு, முறைவைத்துப் பேசும். தண்ணீர் லாரிக்கு முன் குடம் வைத்து வரிசையில் நிற்பதைப் போல. 3-இல் நிற்பவருக்கு வரிசை கிடையாது. இந்தப் பக்கம் 1-இன் இரைச்சலும் அந்தப் பக்கம் 6-இன் இரைச்சலும் சேர்ந்து காதை அடைக்கும். கூட்டமாக இருந்தாலும் ரூட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் 1, 6, 11-க்குள் குறைவாக உள்ளதையே எடுங்கள். சேனல் அகலம் 40 என்று இருந்தால் 20-க்கு இறக்குங்கள். பிளாட்டில் 40 வைப்பது ஒண்டுக்குடித்தன வீட்டில் வாசலை மறித்துக் கட்டில் போடுவதற்குச் சமம்.

அதைவிட நல்லது டிவியை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிவிடுவது. அதில் இடம் தாராளம், சுவரைத் தாண்ட அவ்வளவாக முடியாது என்பதால் பக்கத்து வீட்டு இரைச்சலும் குறைவு. ரூட்டர் பெயரின் பின்னால் 5ஜி என்று இருக்குமே, அதுதான். மொபைல் 5ஜிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. "எங்க ஏரியாவுல இன்னும் 5ஜி வரலையே" என்று சொல்லி அதைத் தொடாமலே இருந்தார் ஒரு பெரியவர். டிவியின் பட்டியலில் அந்தப் பெயரே தெரியவில்லை, பக்கத்தில் வைத்த போனில் தெரிகிறது என்றால், உங்கள் டிவியில் 5 கிகாஹெர்ட்ஸ் இல்லாமல் இருக்கலாம். விலை குறைந்த டிவிகளில் பலவற்றில் 2.4 மட்டும்தான்.

எல்லாம் மாற்றியும் மாலையில் திணறினால் லைனையே சோதியுங்கள். ரூட்டருக்குப் பக்கத்தில் நின்று, 5 கிகாஹெர்ட்ஸில் சேர்ந்த போனில் வேகத்தைப் பாருங்கள். நெட்ஃபிளிக்ஸ் கேட்பது 720பி-க்கு நொடிக்கு 3 மெகாபிட், 1080பி-க்கு 5, 4கே-க்கு 15. ரூட்டர் அருகிலேயே அது வரவில்லை என்றால் வைஃபை மேல் பழிபோட முடியாது.

ஹாலில் சரி, படுக்கையறை டிவியில் மட்டும் தொல்லை

ரூட்டர் எங்கே இருக்கிறது என்று கேட்டால் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: ஃபைபர்காரர் ஓட்டை போட்ட இடத்தில். வாசல் நிலைக்குப் பக்கத்தில், செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே, சில வீட்டில் மீட்டர் பெட்டிக்குள்ளேயே. அவருக்குக் கேபிள் மிச்சம், உங்களுக்குத் தலைவலி.

அலைக்குப் பிடிக்காதவை இரும்பும் தண்ணீரும். நடுவில் இரும்பு பீரோ நின்றால் அதற்குப் பின்னால் வைஃபைக்கு நிழல் விழும். ஆளுயரக் கண்ணாடியின் முதுகில் இருக்கும் உலோகப் பூச்சும் அப்படித்தான். மீன்தொட்டி, தண்ணீர் டிரம், கம்பி கட்டிய கான்கிரீட் சுவர் எல்லாம் கணக்கில் வரும். டிவியே ஒரு உலோகத் தகடுதான். ரூட்டரைக் கண்ணில் படக்கூடாது என்று டிவிக்கு நேர் பின்னால் ஒளித்துவைத்தால், டிவியே அதை மறைத்துவிடும். சுவரோடு சுவராக மாட்டிய டிவியில், உள்ளே இருக்கும் ஆன்டெனாவுக்குச் சுவரும் தகடும் நடுவில் கொஞ்சம்தான் இடம்.

மாற்றுவதற்கு முன் அளந்து பாருங்கள். போனில் அந்த அனலைசர் ஆப் சிக்னல் எண்ணைக் கழித்தல் குறியோடு காட்டும், சைபருக்கு அருகில் இருக்க இருக்க நல்லது. டிவி இடத்தில் -50 என்றால் அருமை. -67 வரைக்கும் வீடியோ நிம்மதியாக ஓடும். -75ஐத் தாண்டினால் இழுபறி. -80 என்றால் அங்கே செட்டிங்ஸ் எதை மாற்றினாலும் வீண், ரூட்டரைத்தான் நகர்த்த வேண்டும். நிறைய நகர்த்த வேண்டும் என்பதில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர். சுவரில் பட்டுத் திரும்பிய அலையும் நேராக வந்த அலையும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் இடத்தில் டிவி மாட்டியிருந்தால், ரூட்டரை ஒரு சாண் தள்ளிவைத்தாலே எண் ஏறும். நம்பாமல் சிரிப்பார்கள், செய்து காட்டினால் வாயை மூடிக்கொள்வார்கள்.

ரிப்பீட்டர் வாங்கியவர்கள் அதைப் படுக்கையறையில் டிவி பக்கத்திலேயே சொருகுவார்கள். அங்கேதான் சிக்னல் இல்லையே, அது எதைப் பிடித்து எதை அனுப்பும்? ரூட்டருக்கும் டிவிக்கும் நடுவழியில், சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் இடத்தில் போடுங்கள். ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே அனுப்பும் சாதாரண ரிப்பீட்டரில் வேகம் ஏறக்குறைய பாதியாகும் என்பதையும் எதிர்பாருங்கள்.

5 கிகாஹெர்ட்ஸில் நன்றாக ஓடிக்கொண்டிருந்து, திடீரென்று அந்தப் பெயரே மறைந்துவிடுகிறது

ஒரு நிமிடம் கழித்துத் தானாக வந்துவிடும். இதற்குக் காரணம் ரேடார். விளையாட்டில்லை. 5 கிகாஹெர்ட்ஸில் 52 முதல் 64 வரையும் 100 முதல் 144 வரையும் உள்ள சேனல்களை ரேடார்களும் பயன்படுத்துகின்றன. ரேடார் மாதிரி ஒரு துடிப்பைக் கேட்டால் ரூட்டர் உடனே அந்தச் சேனலைக் காலி செய்துவிட வேண்டும் என்பது விதி. மறுபடி அந்த வகைச் சேனல் ஒன்றில் உட்காரும் முன் குறைந்தது 60 நொடி காது கொடுத்துக் கேட்க வேண்டும். பக்கத்தில் ரேடாரே இல்லாவிட்டாலும் வேறு இரைச்சலை ரேடார் என்று நினைத்து ரூட்டர் ஓடுவதும் உண்டு. நம் நாட்டில் 2018-இல் 5 கிகாஹெர்ட்ஸில் நிறைய இடத்தை உரிமம் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிட்டார்கள். அதன்பின் வந்த ரூட்டர்கள் ஆட்டோவில் விட்டால் இந்த இடத்துக்கும் போய் உட்காரும். சில டிவிகளுக்கு இந்தச் சேனல்களைப் பார்க்கவே தெரியாது. சேனலை ஆட்டோவிலிருந்து எடுத்து 36, 40, 44, 48-இல் ஒன்றையோ, 149 முதல் 161 வரை உள்ள ஒன்றையோ நிரந்தரமாக வையுங்கள்.

வெளிநாட்டிலிருந்து பெட்டி கட்டிக் கொண்டுவந்த டிவிக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அமெரிக்காவுக்காகச் செய்த டிவி 2.4-இல் 12, 13-ஆம் சேனல்களைப் பார்க்காது. ரூட்டர் ஆட்டோவில் 13-க்குப் போன அன்று வைஃபை காணாமல் போகும், 6-க்கு வந்த அன்று தெரியும். டிவிக்கு மனநிலை சரியில்லை என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள்.

இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால், "உனக்கு அது நல்லது, இங்கே போ" என்று ரூட்டர் டிவியைத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஸ்மார்ட் கனெக்ட், பேண்ட் ஸ்டீயரிங் என்று அதற்குப் பல பெயர்கள். போன்கள் இந்தத் தள்ளலைச் சமாளிக்கும், பல டிவிகள் தடுமாறி விழும். டிவி ஓரிடத்தில் ஆணியடித்து மாட்டிய பொருள், அதற்கு எதற்கு இந்த அலைச்சல்? இரண்டுக்கும் வேறு வேறு பெயர் கொடுத்து ஒன்றில் மட்டும் சேருங்கள். மற்றதை டிவியில் ஃபர்கெட் செய்துவிடுங்கள்.

கடிகாரம் பார்த்த மாதிரி மணிக்கொருமுறை போகிறது

மூன்று நாள் நேரத்தைக் குறித்துப் பாருங்கள். சரியாக ஒரு மணி நேர இடைவெளி என்றால் ரூட்டரில் வைஃபை பாதுகாப்புப் பகுதியில் குரூப் கீ இடைவெளி என்ற எண்ணைத் தேடுங்கள். பல ரூட்டர்களில் அது 3600 நொடி. அந்தக் கணக்கில் எல்லாக் கருவிகளுக்கும் ஒரு சாவியை மாற்றிக் கொடுக்கும். அதைச் சரியாக வாங்கிக்கொள்ளாத டிவி வெளியே தள்ளப்படும். எண்ணை 86400 ஆக்கிப் பாருங்கள், நாளைக்கு ஒரு முறை ஆகிவிடும்.

அதிகாலையிலோ ஒரு நாள் விட்டோ கட் ஆனால், ரூட்டர் டிவிக்குக் கொடுக்கும் எண்ணான ஐபி முகவரியின் புதுப்பிப்பாக இருக்கலாம். ரூட்டரில் டிவிக்கென்று ஒரு முகவரியை ஒதுக்கிவிட்டால் தீரும்.

வைஃபை கனெக்டட், ஆனால் இன்டர்நெட் இல்லை

இந்த வாசகத்தைப் பார்த்ததும் டிவியில் தேதி என்ன என்று பாருங்கள். ரூட்டரைத் தொடுவதற்கு முன், எதையும் தொடுவதற்கு முன். இரண்டு நாள் பிளக்கைப் பிடுங்கி வைத்திருந்து மாட்டினால் சில டிவிகள் கடிகாரத்தை மறந்து ஏதோ பழைய வருடத்தில் போய் நிற்கும். ஒவ்வொரு இணையதளமும் தான் இன்னார் என்று ஒரு சான்றிதழ் காட்டும், அதற்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. 2015-இல் நிற்கும் டிவிக்கு இன்றைய சான்றிதழ் எல்லாம் இன்னும் பிறக்காத குழந்தை. நம்ப மறுத்து, இணைப்பே இல்லை என்று சொல்லிவிடும். தேதியை, நேரத்தை, நேர மண்டலத்தைக் கையால் சரிசெய்து, அணைத்துப் போடுங்கள்.

பழைய டிவிகளில் இதன் மறுபக்கமும் உண்டு. இணையத்தில் ஏராளமான தளங்கள் நம்பியிருந்த ஒரு மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானது. புதுச் சான்றிதழ் பட்டியல் கிடைக்காத பழைய கருவிகள் பல அன்றோடு சில தளங்களைத் திறக்க மறுத்தன. டிவி மென்பொருளுக்குப் புதுப்பிப்பு இருந்தால் போடுங்கள். டிவி நெட்டில் சேரவில்லை என்றால் கம்பெனி தளத்திலிருந்து கம்ப்யூட்டரில் இறக்கி பென்டிரைவில் கொடுக்கலாம். அந்த மாடலுக்குப் புதுப்பிப்பே நின்றுவிட்டது என்றால் எச்டிஎம்ஐ துளையில் மாட்டும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் வாங்கிப் பின்னால் சொருகுவதுதான் வழி.

தேதி சரி, இன்னும் வரவில்லையா? நெட்வொர்க் அமைப்பில், தளத்தின் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸைக் கையால் 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று கொடுங்கள். டிவியில் ஐபிவி6 (புதுவகை ஐபி முகவரி முறை) என்று ஒரு சுவிட்ச் இருந்தால் அணைத்துப் பாருங்கள்.

ராத்திரி நன்றாக ஓடியது, காலையில் போட்டால் சேரவில்லை

ரிமோட்டில் அணைத்தால் டிவி அணைவதில்லை, தூங்குகிறது. எல்ஜியில் குயிக் ஸ்டார்ட் பிளஸ் என்பார்கள், மற்றவர்கள் வேறு பெயர் வைத்திருப்பார்கள். சீக்கிரம் எழ வேண்டும் என்பதற்காக அரைத் தூக்கத்தில் கிடக்கும். ராத்திரி ரூட்டர் ஒருமுறை அணைந்து எழுந்திருந்தால், டிவி காலையில் பழைய இணைப்பையே பிடித்துக்கொண்டு முழிக்கும். சுவர் சுவிட்சை அணைத்து ஒரு நிமிடம் விட்டுப் போடுங்கள். அடிக்கடி இப்படி ஆனால் அந்த அமைப்பை அணைத்துவிடுங்கள். டிவி எழ பத்துப் பதினைந்து நொடி கூடுதலாகும், காபி ஆறிப்போகாது.

எதையாவது மாட்டினால் கட் ஆகிறது

கல்யாண வீடியோ இருக்கும் ஹார்ட் டிஸ்க்கை யுஎஸ்பியில் சொருகியதும் வைஃபை போகிறதா? யுஎஸ்பி 3.0 கருவியும் கேபிளும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளப்பும். இதை இன்டெல் கம்பெனியே 2012-இல் அளந்து எழுதியிருக்கிறது. டிஸ்க்கை யுஎஸ்பி 2.0 துளைக்கு மாற்றுங்கள், அல்லது டிவியை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள்.

ஸ்டிக் மாட்டியவர்கள் பெட்டியில் வந்த குட்டி எச்டிஎம்ஐ நீட்டிப்பு வயரைப் பெரும்பாலும் பரணில் போட்டிருப்பார்கள். அது இடுக்கில் நுழைப்பதற்கு மட்டும் கொடுத்ததில்லை. டிவியின் உலோக முதுகை விட்டு ஸ்டிக் நாலு விரல் தள்ளி நின்றால் சிக்னல் மேம்படும்.

ப்ளூடூத் ஹெட்போனும் அதே 2.4-இல்தான் பேசுகிறது, பல டிவிகளில் அதே சிப்பிலிருந்து. மைக்ரோவேவ் ஓடும் இரண்டு நிமிடமும் அப்படியே, அதன் அலை 2.45. ஹாலில் படம் நிற்கும்போது சமையலறையிலிருந்து டிங் சத்தம் வந்தால் விசாரணை முடிந்தது.

புது ரூட்டர் வந்ததிலிருந்து சேரவே இல்லை

பாஸ்வேர்டு சரி என்று தெரியும், டிவி மட்டும் தப்பு என்கிறது. ரூட்டரில் பாதுகாப்பு டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருக்கும். பழைய டிவிக்கு அந்தப் பாஷை தெரியாது. டபிள்யூபிஏ2-க்கு மாற்றுங்கள். இரண்டும் கலந்த முறையிலும் சில டிவிகள் தடுமாறும்.

பட்டியலில் ஒரு வைஃபை கூடத் தெரியவில்லை

உங்களுடையது மட்டுமல்ல, பக்கத்து வீட்டுடையதும் இல்லை. வைஃபை பொத்தானே மங்கலாக இருக்கிறது. டிவியைப் பற்றிய பகுதியில் வைஃபை மேக் முகவரி (கருவியின் அடையாள எண்) முழுக்கச் சைபராகவோ காலியாகவோ இருந்தால் டிவிக்குள் இருக்கும் வைஃபை சில்லு பேசவில்லை என்று அர்த்தம். காலையில் போட்டதும் இருபது நிமிடம் ஓடி, டிவி சூடேறியதும் காணாமல் போகிறதென்றாலும் இதே சந்தேகம்தான். பல மாடல்களில் அது தனிச் சின்னப் பலகை, ஒரு ரிப்பன் கேபிளில் தொங்கும். அந்தக் கேபிள் தளர்ந்திருந்தால் மெக்கானிக் கழற்றி மாட்டினாலே உயிர் வரும். நீங்களாக முதுகைத் திறக்காதீர்கள், மின்பகுதியில் அணைத்த பின்னும் ஷாக் அடிக்கும்.

ஃபேக்டரி ரீசெட்டுக்கு இப்போதுதான் முறை. அதிலும் வரவில்லை என்றால் பலகை மாற்ற வேண்டும், அல்லது ரூட்டரிலிருந்து டிவிக்கு லான் கேபிள் இழுக்க வேண்டும். அடுத்த தெரு அத்தைக்கு நான் கேபிளே இழுத்துவிட்டேன். "அழகா இல்லப்பா" என்றார், ஆனால் அன்றிலிருந்து போன் வரவில்லை. விலை உயர்ந்த டிவியிலும் லான் துளை பெரும்பாலும் 100 மெகாபிட்தான். 4கே-க்கு அது தாராளம். கேட் 5ஈ கேபிளே போதும். 100 மெகாபிட்டுக்கு அதிலிருக்கும் எட்டுக் கம்பியில் நாலுதான் வேலை செய்கிறது. முனையில் இருக்கும் பிளாஸ்டிக் கிளிப் மட்டும் உடையாமல் இருக்க வேண்டும். கிளிப் போன கேபிள், துடைக்கும்போது துணி பட்டாலே நழுவி, வைஃபை விட்ட வேலையைத் தான் செய்யத் தொடங்கும். அத்தை வீட்டில் அது நடந்தது, எலி கடித்தது என்று நினைத்து பரண் வரைக்கும் ஏறிப் பார்த்துவிட்டு வந்தேன்.